கண்வலிக்கிழங்குக் காட்டிலிருந்து

விஷச்செடியைப் பயிர் செய்கிறவர்களிடம் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பயமாக இல்லையா?" இரண்டாவது கேள்வி, "கிலோ என்ன விலைக்குப் போகிறது?" இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கள் வட்டாரத்திலும் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளிலும் கண்வலிக்கிழங்கு பணப்பயிர். அரியலூர்ப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் இதைப் பயிரிடுகிறார்கள். புத்தகத்தில் இதற்குச் செங்காந்தள் என்று பெயர். தமிழ்நாட்டின் மாநில மலர். வைத்தியர்கள் கலப்பைக் கிழங்கு என்பார்கள். ஈழத்தில் கார்த்திகைப்பூ, மாவீரர் நினைவோடு அங்கே அது சேர்ந்துவிட்டதால் அந்தப் பூவுக்கு அரசியலும் உண்டு. கடல் கடந்தால் ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. 1947இல் அன்றைய இளவரசி எலிசபெத்தின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு அந்நாட்டு மாணவர்கள் இந்தப் பூவின் வடிவில் வைர அணி ஒன்றைப் பரிசளித்தார்கள். எங்கள் வேலியில் முளைக்கும் கொடிக்கு இத்தனை பெரிய இடத்துப் பழக்கம்.

கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் காந்தள் எனக்கு முதலில் ஏட்டுப் பூவாகத்தான் அறிமுகம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டில் தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டு வந்து நிற்கிறான். தோழி வாங்க மறுக்கிறாள். முருகனின் குன்றமாகிய எங்கள் மலையே குருதிப் பூவாகிய குலைக்காந்தளால் நிறைந்து கிடக்கிறது, நீ கொண்டு வந்ததில் என்ன புதுமை என்பது அவள் பேச்சின் சாரம். முருகன் தலையில் சூடுவதும் காந்தள்தான். பெண்களின் விரலுக்கு உவமை சொல்ல வேண்டும் என்றாலும் புலவர்களுக்குக் காந்தள் வந்து நிற்கும். இவ்வளவு பாட்டையும் மனப்பாடம் செய்த எனக்கு, அந்தக் கொடியின் அடியில் இருக்கும் கிழங்கு ஆளைக் கொல்லும் என்று வகுப்பில் யாரும் சொன்னதாக நினைவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் என் மாமியார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இந்த ஊரில் வானம் பார்த்த மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்பார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி. அந்தக் கிளுவையைப் பிடித்துக்கொண்டு கண்வலிக்கொடி தானாகவே ஏறும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். கொடிக்கு வேறு கை தேவையில்லை. கிளுவை இலை என்றால் வெள்ளாட்டுக்கு உயிர். எனவே ஆடும் விஷக்கொடியும் ஒரே வேலியில்தான் சந்திக்கின்றன. பெரிய ஆடுகள் பெரும்பாலும் கொடியை ஒதுக்கிவிட்டுக் கிளுவையைத்தான் கடிக்கும். மேய்ச்சல் காய்ந்த காலத்தில் அதை நம்பக் கூடாது. குட்டிகளை எந்தக் காலத்திலும் நம்பக் கூடாது. மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்கு அத்தை முதலில் சொல்லிக் கொடுப்பது, கொடி படர்ந்த பக்கத்தை விட்டு ஆட்டை ஓட்டும் வழியைத்தான்.

வேலியில் ஏறிக் கிடந்ததைக் காட்டுக்குள் கொண்டு வந்து வரிசை கட்டியது விதைக்கு வந்த விலை. ஆடியில் கிழங்கு நடுகிறோம். கிழங்கு கலப்பை வடிவத்தில் இரண்டாகக் கவைத்திருக்கும். முளை இருப்பது அதன் நுனியில் மட்டும். நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு வெறும் மாவு. அதனால் தோண்டும்போதும் மூட்டை கட்டும்போதும் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். சிறிய கிழங்குகளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் முதல் ஆண்டு கொடி வரும், பூ வராது. ஐம்பது, அறுபது கிராமாவது இருக்கிற கிழங்குதான் நடுவதற்கு உகந்தது. செம்மண்ணாக, தண்ணீர் நிற்காத காடாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், அழுகல் பக்கத்துக் கிழங்குக்கும் பரவும். நடவுக் கிழங்குக்குப் போட்ட பணம் அத்தனையும் மண்ணுக்குள் கரைந்து போவதை ஒரு மழைக்காலத்தில் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் பல பேர். முன்பு முள்கிளுவை, விராலி மிலாறு என்று ஊன்றிக் கொடியை ஏற்றினார்கள். இப்போது கம்பி கட்டுகிறோம்.

புரட்டாசி முதல் பூ தொடங்கும். மொட்டு தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது இதழ்கள் ஆறும் அலையலையாய் நெளிந்து மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். முதலில் இளம்பச்சையும் மஞ்சளும், பிறகு அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறத்துப் பூவும் இருப்பதால் தூரத்தில் நின்று பார்த்தால் காடு எரிவது போலத்தான் தோன்றும். குருதிப் பூ என்று பாடியவர் பொய் சொல்லவில்லை.

பூவின் உள்ளே பார்த்தால்தான் எங்கள் வேலையின் சிக்கல் புரியும். மகரந்தத் தாள்கள் ஆறும் வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்து பக்கவாட்டில் நீளும். அதன் நுனியான சூல்முடி மகரந்தத்தை விட்டு விலகியே இருக்கும். தன் பூவின் மகரந்தம் தன் மேல் விழக் கூடாது என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு. தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வந்து வேலையை முடித்தால் நல்லது. ஏக்கர் கணக்கில் பூத்துக் கிடக்கும்போது அவை எத்தனைக்கு வரும்? தேனீ வருகிறது, தேனைக் குடித்துவிட்டுச் சூல்முடியைத் தொடாமலே போய்விடுகிறது. முருகன் சூடிய காந்தளை வண்டும் மொய்க்காத பூ என்கிறது திருமுருகாற்றுப்படை. அது தெய்வப்பூவின் பெருமைக்காகச் சொன்னது. எங்களுக்கு அது கூலிச்செலவு.

எனவே காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, வெயில் ஏறுவதற்குள், பெண்கள் வரிசைக்கு வரிசை நின்று ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு கொடிப் பூவின் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். சிலர் தூரிகை வைத்திருப்பார்கள், சிலர் மகரந்தத் தாளையே கிள்ளி எடுத்துத் தடவுவார்கள். பழகிய கைக்கு ஒரு பூவுக்கு ஒரு கணம் போதும். அந்த விரல்கள் மஞ்சள் பூத்திருக்கும். காந்தள் மெல்விரல் என்று படித்ததைப் பூப்பருவத்தில் தினமும் நினைத்துக்கொள்வேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. எல்லோரையும்விட வேகமாகத் தொட்டு வைக்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். "அம்மணி, பூ நம்மை ஒன்றும் செய்யாது; கையைக் கழுவாமல் சோற்றில் கை வைக்கிறவளைத்தான் செய்யும்" என்பார். கையுறையைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னால் ஏறாதது, அவர் ஒரு வரியில் சொன்னால் எல்லோருக்கும் ஏறிவிடுகிறது. வெற்றிலை போடுகிறவர்கள் வேலை நடுவே போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தில் கை விடக் கூடாது என்பதெல்லாம் அவர் வைத்த சட்டங்கள். இலையைக் கசக்கினாலோ கிழங்கை அறுத்தாலோ சாறு பட்ட இடத்தில் சிலருக்கு எரிச்சல் வரும். கிழங்கு தோண்டும் நாளில் மட்டும் கையுறையைக் கண்டிப்பாகப் போட வைக்கிறேன்.

இந்தச் செடியையும் தின்று வாழ ஒரு புழு இருக்கிறது. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்தது. மனிதனைக் கொல்லும் இலையைச் சவைத்துத் தின்று கொழுக்கும். அதைக் கொல்ல நாம் வேறு விஷம் வாங்குகிறோம். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: கண்வலிக்கிழங்குக் காட்டில் மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் விழுந்தது மருந்தடிக்கும்போது. செடியின் நஞ்சுக்குப் பயப்படத் தெரிந்தவர்கள், கடையில் வாங்கிய நஞ்சை மூக்கை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிறார்கள். புழு குறைவாக இருக்கும்போதே விடியலில் கையால் பொறுக்கி அழிப்பது இன்னும் நல்ல வழி. பூப்பருவத்தில் மருந்தடித்தால் கொஞ்சநஞ்சம் வரும் பூச்சியும் வராது.

இனி நஞ்சைப் பற்றி. செடியின் எல்லாப் பாகத்திலும் கோல்ச்சிசின் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். நாங்கள் விற்பதும் அதைத்தான். விதையின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தப் பொருளுக்காகத்தான் வியாபாரி வருகிறார். ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த, இலையுதிர்காலத்தில் ஊதாநிறமாகப் பூக்கும் கோல்ச்சிக்கம் என்ற செடி உண்டு. கருங்கடல் கரையில் இருந்த கோல்கிஸ் நாட்டின் பெயரால் வந்த பெயர் அது; கிரேக்கக் கதைகளில் நஞ்சும் மருந்தும் கைவந்த மெதேயா பிறந்த நாடு. கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் முதல் நூற்றாண்டிலேயே அதன் கிழங்கைத் தின்னாதே என்று எழுதி வைத்தார். ஆறாம் நூற்றாண்டில் திரால்லிஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் அதே வகைக் கிழங்கை மூட்டில் உப்புச் சேர்ந்து வீங்கும் கவுட் நோய்க்குக் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டில் ஹுஸோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, கவுட்டுக்கு ரகசிய மருந்து என்று ஒரு தண்ணீரை விற்றுப் பேர் வாங்கினார். அதன் ரகசியமும் கோல்ச்சிக்கம்தான். 1820இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதிலிருந்து சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

கோல்ச்சிசின் உடலுக்குள் செய்வது ஒரே வேலை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழல்கள் உருவாகவிடாமல் தடுக்கிறது. செடிகளில் இதைச் செய்தால் குரோமோசோம் இரட்டிப்பாகும். 1937இல் இது தெரிந்ததிலிருந்து பயிர் விஞ்ஞானிகளுக்குக் கோல்ச்சிசின் ஒரு கருவி. விதையில்லாத் தர்பூசணி வந்த வழியில் இதற்குப் பங்குண்டு. மனித உடலில் மிகச் சிறிய அளவில் போனால் வீக்கத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களை மட்டுப்படுத்தும். கவுட் வலி தணிவது அதனால். அளவு மிஞ்சினால், ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் முதலில் அடிவாங்கும். குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால். விஷம் உண்டவருக்கு முதலில் வாந்தியும் பேதியும், பிறகு இரத்தக் கோளாறும், பிழைத்தால் முடி கொட்டுவதும் ஏன் என்பதற்கு இதுதான் காரணம். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. கடையில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்பது மண்ணையும் பருவத்தையும் பொறுத்து மாறும். எந்தப் பாட்டியும் எந்தத் தராசும் அதை அளந்து தர முடியாது.

பாட்டிமார் அளந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது வேறு கதை. சித்த, ஆயுர்வேத மருத்துவம் இந்தக் கிழங்கை நஞ்சு என்று வகைப்படுத்தி, மோரிலும் உப்பிலும் ஊறவைத்துக் காயவைத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்கச் சொல்கிறது. அது முறையாகக் கற்றவர்களின் வேலை. ஊர் வழக்கத்தில் இருந்தது அதன் சிதறல்கள். பிரசவம் தாமதமானால் கிழங்கை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவார்கள் என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். குழந்தை பிறந்த கணமே துடைத்துவிட வேண்டும் என்பது கட்டளை. கருவைக் கலைக்கவும் இது பயன்பட்டிருக்கிறது. சமஸ்கிருதத்தில் இதற்குள்ள பெயர்களில் ஒன்றே கருவை அழிப்பது என்னும் பொருள் கொண்டது. அப்படிக் கலைக்கப் போய்த் தாயும் சேர்ந்து போன கதைகளைப் பெண்கள் களத்தில் உட்கார்ந்து காய் உடைக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஆண்கள் இருக்கும்போது அந்தப் பேச்சு எழாது. பேனுக்கு இலைச்சாறு தேய்ப்பதும் வழக்கத்தில் இருந்தது. தலையில் புண் இருக்கும் குழந்தைக்குத் தேய்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பேனுக்கு வேறு மருந்து கிடைக்கிறது.

பாம்பு வராது என்று வாசலில் கட்டுவார்கள். எங்கள் காட்டில் கொடிக்கடியில் கண்ணாடி விரியனைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்தச் சேதி எட்டவில்லை போலும். பாம்புக்கடிக்குக் கிழங்கை அரைத்துக் கொடுப்பது, கட்டுவது எல்லாம் ஒரு நஞ்சின் மேல் இன்னொரு நஞ்சை ஏற்றுவதுதான். கடிபட்டவர் போக வேண்டிய இடம், விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனை.

நான் மதிக்கும் நம்பிக்கை ஒன்றே ஒன்று. இந்தக் கிழங்கை வீட்டுக்குள் வைத்தால் வீட்டில் சண்டை வரும் என்பார் அத்தை. "ஏன் அத்தை?" என்றால், "வரும் கண்ணு, வைக்காதே" என்பதோடு சரி. காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு நல்லது: எங்கள் வீட்டுச் சமையலறைப் பக்கம் இந்தக் கிழங்கு வந்ததே கிடையாது. விஞ்ஞானம் படித்த வீடுகளில் நடவுக் கிழங்கைச் சேனைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கிழங்கு உண்ணும் கிழங்கு போலவே இருப்பதுதான் பெரிய ஆபத்து. மெல்லிய பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை மாவு. வள்ளிக்கிழங்கு என்றோ சர்க்கரைவள்ளி என்றோ நினைத்து அவித்துத் தின்றவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அவித்தால் நஞ்சு போகாது. எங்கள் பக்கத்துக் காட்டுக்கு வரப்பு வெட்ட வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, மண்வெட்டியில் வந்த கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டது. மாலையில் தின்றார்கள். இரவு வாந்தி. பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று கடையில் சோடா வாங்கிக் குடித்தார்கள். விடியும்போது பேதி சற்று அடங்க, சரியாகிவிட்டது என்று படுத்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் அதிகம் தின்னாததால் தெளிவாக இருந்தார், மிச்சக் கிழங்கைக் கொண்டு வந்து அத்தையிடம் காட்டி "இது என்ன கிழங்கு?" என்று கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது. அத்தை அந்தக் கிழங்கையே பையில் போட்டுக் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். பல நாள் தீவிரச் சிகிச்சைக்குப் பிறகு பிழைத்து வந்தார்கள். இரண்டாவது வாரம் அந்த ஆளின் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பின்பு முளைத்துவிட்டது.

அதில் இருக்கிறது படிக்க வேண்டியதெல்லாம். தின்றவுடனே எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, பேதி தொடங்கும். பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். உணவு ஒத்துக்கொள்ளாதது போலவே இருக்கும். பிறகு சற்று ஓய்ந்தது போலத் தோன்றலாம், அதை நம்பக் கூடாது. சிறுநீரகம், இதயம், இரத்தம் எல்லாம் கெடுவது அடுத்த ஒன்றிலிருந்து மூன்று நாளில். எனவே தின்றது தெரிந்த நிமிடமே, ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தின்ற செடியின் துண்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். மருத்துவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். எப்போது, எவ்வளவு என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, புளித்தண்ணீர், மோர், முட்டை என்று வீட்டு வைத்தியம் பார்ப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். இதற்குக் கைவசம் இருக்கும் முறிவு மருந்து கிடையாது. உடலைத் தாங்கிப் பிடித்து நிறுத்துவதுதான் சிகிச்சை, அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்து விதை. காய் பச்சையிலிருந்து வெளிறித் தோல் சுருங்கும்போது பறித்து நிழலில் காயவைக்கிறோம். மார்கழி, தையில் களம் முழுக்க இதுதான். காய் வெடித்ததும் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பாக விதைகள் வரிசையில் இருக்கும். எந்தக் குழந்தையும் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படும் நிறம். அதனால் களத்தில் குழந்தைகளுக்கு இடமில்லை. தொட்டில் கட்டுவதென்றால் மறு கோடியில் இருக்கும் வேம்பில்தான். உடைத்த தூசி கண்ணில் பட்டால் எரியும், மூக்கில் துணி கட்டாமல் உட்கார்ந்தால் அன்று முழுக்கத் தும்மல்தான்.

அதன் பிறகுதான் உண்மையான தலைவலி. விலை. கிலோ ஆயிரங்களில் போன ஆண்டும் உண்டு, மகரந்தம் தொட்டு வைத்த கூலிக்கே கட்டாத ஆண்டும் உண்டு. விதை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகிறது. வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர், அரசு விலை என்று ஒன்று இல்லை. விலை ஏறும் என்று விவசாயிகள் விதையை வீட்டில் வைத்துக் காத்திருக்கிறார்கள். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, சில வீடுகளில் அதற்கும் மேல். ஒரு குடும்பத்தையே முடித்துவிடக்கூடிய பொருள் கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இதைப் பற்றி அதிகாரிகள் பேசி நான் கேட்டதில்லை. கூட்டங்களில் ஊட்டச்சத்துக் கலவையைப் பற்றியும் சொட்டுநீரைப் பற்றியும்தான் பேச்சு.

நாங்கள் செய்வது இது. விதைக்குத் தனிக் கொட்டகை, அதற்குப் பூட்டு, சாவி இரண்டு பேரிடம் மட்டும். சாக்கின் மேல் சிவப்பு மையில் "விஷம்" என்று எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகச் சாக்கின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டுவது. விதை அளந்த படியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் அங்கேயே தொங்கவிடுவது. தூக்கிப்போடும் தோலையும் சிறு கிழங்கையும் எருக்குழியில் கொட்டாமல் ஆழக் குழி வெட்டி மூடுவது. பூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடன், குடும்பச் சண்டை என்று மனம் உடைந்து நிற்கும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கக் கூடாது. அந்த நேரம் கடந்துவிட்டால் மனிதர்கள் பெரும்பாலும் வாழவே விரும்புகிறார்கள். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சாவியை மாற்றி வையுங்கள், அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், 104இல் ஆலோசகர் கிடைப்பார்.

மூட்டு வலிக்கு இந்தக் கிழங்குத் தைலம், இந்த விதைப் பொடி என்று கைப்பேசியில் வரும் குறிப்புகளைக் காட்டி விதை கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கோல்ச்சிசின் கவுட்டுக்கு நல்ல மருந்து என்பது உண்மைதானே என்று வாதாடுவார்கள். உண்மைதான். அதை மருத்துவரிடம் வாங்குங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பார்த்துத்தான் அவரே தருவார். நான் ஒரு விதைகூடத் தருவதில்லை. உறவுக்காரர்கள் சிலர் இதனால் முகம் சுளித்திருக்கிறார்கள்.

நடுவதற்குக் கிழங்கு கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். மாநில மலர் மாடியில் இருக்கட்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. அரளியும் ஊமத்தையும் எருக்கும் வீட்டைச் சுற்றி இருக்கும் நாடு இது. பயந்து பிடுங்கினால் பாதிச் செடி மிஞ்சாது. கேட்பவர் வீட்டில் தவழும் குழந்தையோ கண்டதைக் கடிக்கும் நாயோ இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு, தனித் தொட்டியில் மட்டும் வைக்க வேண்டும், கீரையோ கிழங்கோ அதே மண்ணில் கூடாது, தொட்டியில் செடிப்பெயர் எழுத வேண்டும். தையில் கொடி காய்ந்து தரையில் ஒன்றும் இல்லாதது போலாகிவிடும். கிழங்கு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். செடி செத்துவிட்டது என்று நினைத்து மண்ணைத் தோட்டத்தில் கொட்டுகிறவர்கள்தான் அதிகம், ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. வீடு மாறும்போது அடுத்துக் குடிவருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

போன ஆண்டு அருகிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து மாநில மலரை வளாகத்தில் நட வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சிறு பிள்ளைகள் மண்ணைக் கிளறி விளையாடும் இடம் என்பதால் கிழங்கு கொடுக்க மறுத்துவிட்டேன். ஐப்பசியில் பூத்த கொடியைத் தொட்டியோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து எட்ட நின்று பார்க்கச் சொல்லி, எது பூ, எது சூல்முடி, எதைத் தொடக் கூடாது என்று காட்டிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இந்த ஐப்பசிக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.